தார் விலை, சீப்பு விலை

ஆவாரம்புதூர்க் கம்பெனி வீதி எழுந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு. அதற்கு முந்தைய நிமிஷம் வரைக்கும், பஸ் ஸ்டாண்டில் தொடங்கி வெள்ளிமயில் கேஸ்கெட்ஸ் கம்பெனியின் கேட்டில் முடிகிற ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு, முப்பது அடி அகலத்தில், தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடந்த வீதி அது. பால் வாங்கப் போனவர்கள் கையில் தூக்குப்போசியோடு அப்படியே மேலே போனார்கள். வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயிலிருந்த நுரையைத் துப்புவதற்குள் பஸ் ஸ்டாண்டு மணிக்கூண்டின் முகத்துக்கு நேரே வந்துவிட்டார்கள். ஒரு சுவரும் விரிசல் விடவில்லை, ஓர் ஓடும் சரியவில்லை, அடுப்பில் இருந்த பாலும் பொங்கவில்லை. வீடுகள் வீதியோடு சேர்ந்து ஏறின, வீதியோடு சேர்ந்து இறங்கின, ஆறு இருபதுக்கெல்லாம் எல்லாம் நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்டு முனையில் இரண்டடி உயரத்தில் தொடங்கிய மேடு, அங்கங்கே குழிந்தும் புடைத்தும் ஏறிக்கொண்டே போய், பாத்திரக்கடை முக்கில் ஐம்பது அடியைத் தொட்டு, அங்கிருந்து ஒரே வெட்டாக, கத்தி போட்டுக் கீறியதுபோல, ஐந்தடிக்கு விழுந்தது. விழுந்த இடத்தில் மயிலாத்தாளின் பழக்கடை. அதற்குப் பிறகு ஒரு பள்ளம், ஒரு திமில், இன்னொரு பெரிய பள்ளம், இன்னொரு திமில் என்று அசைந்து அசைந்து போய், கம்பெனி கேட்டில் பத்தடி உயரத்தில் முடிந்தது. வெட்டுக்கு மேலே இருந்த வீதி முழுக்க ஒடுங்கி மூன்றடி அகலமாகிப்போயிருந்தது. கீழே இருந்த வீதி பழைய முப்பது அடியிலேயே கிடந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீதி எழுந்து நின்ற பிறகு அதன் அகலத்தைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

பஞ்சாயத்து இன்ஜினியர் வந்து டேப் பிடித்து அளந்து, 'சாலைச் சேதம்: இல்லை. சாலை: உயரம்' என்று எழுதிக்கொண்டு போனார். முதல் வாரத்தில் மக்கள் மூச்சு வாங்கினார்கள், இரண்டாவது வாரத்தில் பழகிக்கொண்டார்கள், மூன்றாவது வாரத்தில் மேலே இருந்தவர்கள் காற்று நன்றாக வருகிறது என்று வாடகையை ஏற்றினார்கள். மேல்வீதி ஒடுங்கியதில் எதிரெதிர் வீட்டு ஜன்னல்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட, இந்த வீட்டுச் சாம்பார் அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுப் பொரியல் இந்த வீட்டுக்கும் கரண்டியோடு போய் வந்தன. பன்னிரண்டு வருஷம் பேசாமலிருந்த இரண்டு குடும்பங்கள், குறட்டைச் சத்தம் தாங்காமல் பேச வேண்டியதாயிற்று. வெட்டில் இரும்பு ஏணி வைத்தார்கள். ஷிப்டுக்குப் போகிற ஆண்களும் பெண்களும் டிபன் பாக்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார்கள். மயிலாத்தாளுக்கு மட்டும் அது தலைவேதனையாகப் போயிற்று, ஏனென்றால் அவளுடைய வாழைத்தார்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்துதான் வரும். ஒவ்வொரு தாரையும் ஆள் தலைச்சுமையாக உச்சிக்குக் கொண்டுவந்து கயிறு கட்டிக் கீழே இறக்க வேண்டியிருந்தது.

அது என்ன மேடு என்று முதலில் கண்டுபிடித்தவர் கிளை நூலகர் திருமேனி. வெள்ளிமயில் கம்பெனி குக்கருக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி. தொண்ணூற்று நாலாம் வருஷம் அது பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு விற்றது, ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் பத்தோ இருபதோ வாங்கினார்கள். அன்றிலிருந்து கம்பெனி தன் ஆண்டறிக்கையை வருஷத்துக்கு ஒன்றாக நூலகத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து பார்த்த ஒரே மனிதர் திருமேனி, அதுவும் படம் பார்க்கத்தான். ஒரு பிற்பகல், வாசகர் யாரும் இல்லாத நேரத்தில், அவர் எல்லா அறிக்கைகளிலும் இருந்த பங்கு விலைப் பக்கங்களைக் கிழித்து வரிசையாக ஒட்டி, விலையைப் புள்ளியாக வைத்துக் கோடிழுத்துக்கொண்டு வெளியே வந்து, கோட்டையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் செருப்பில்லாமல் டீக்கடைக்கு ஓடினார்.

"முப்பது ரூபாய்க்கு ஓரடிங்! ஒரு நாளுக்கு ஒரு சாணுங்!" என்றார். "பஸ் ஸ்டாண்டு தொண்ணூத்தி நாலு. கேட்டு இன்னைக்கி. நாம நடக்கறது முச்சூடும் நம்ம கம்பெனி ஷேரோட பழைய விலை மேலதானுங்!"

ஊர் அதை உடனே ஏற்றுக்கொண்டது. கேட்டருகில் வீதி தினமும் ஒரு சாண் வளர்வதையும், சனி ஞாயிறுகளில் வளராமல் இருப்பதையும் காவலாளி முன்பே கவனித்து, வீதிக்கு ஏதோ சீக்கு என்று நினைத்திருந்தார். மார்க்கெட் விடுமுறை என்று தெரிந்ததும் அவருக்கும் நிம்மதி.

அதன் பிறகு ஆவாரம்புதூரில் எல்லோரும் சரித்திர ஆசிரியர்களானார்கள். அவரவர் வாழ்க்கையின் தேதிகளைச் சாண் போட்டு அளந்து கண்டுபிடித்து, அந்த இடத்தில் போய் நின்று பார்த்தார்கள். மகன் பிறந்த நாளில் வீதி ஏறியிருந்தால் அவன் ராசி என்றார்கள், இறங்கியிருந்தால் அந்த நாளில் வீட்டுக்கு வந்துபோன ஒறம்பரைச் சொந்தத்தின் ராசி என்றார்கள். டெய்லர் ஒருவர் தன் கல்யாணத் தேதியில் நின்றுகொண்டு, "உன்னக் கட்டுன நாள்ல இருந்து எறக்கந்தான், கண்ணாலயே பாத்துக்க" என்று மனைவியிடம் சொல்ல, அந்த அம்மாள் அசையாமல் நாற்பது சாண் முன்னால் நடந்து, "இது உங்கொம்மா நம்மூட்டுக்கு வந்து தங்குன நாளுங். எறக்கம் இங்கதான் ஆரம்பிக்குது" என்றாள். கம்பெனி ரப்பர் வளையம் விற்றதால் விலை ஏறியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆட்டோ ஓட்டுகிற பொன்னுரங்கம் இன்னும் ஒரு படி மேலே போனான். கீழ்வீதியில் தினமும் ஆட்டோ ஓட்டி ஓட்டி அவனுக்கு மேடுபள்ளம் இடுப்பிலேயே பதிவாகியிருந்தது. "ஒரு பள்ளம், ஒரு திமிலு, மறுக்கா ஒரு பள்ளம், மறுக்கா ஒரு திமிலு. இனி வர்றது பள்ளம். என்ற இடுப்பு சொல்லுது" என்று அறிவித்து, போன வருஷம் வாங்கிய எட்டுப் பங்கையும் பள்ளத்துக்கு முன்பே விற்றான். மறுநாளிலிருந்து வீதி பதினாறு நாள் விடாமல் ஏறியது. "இடுப்புல கோளாறு" என்று சொல்லிக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிடும் வைத்தியரிடம் போனான். அவரும் அந்த இடுப்பை நம்பி விற்றவர்தான். அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

எல்லாவற்றையும் பேசினார்கள், வெட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். அது ஊரின் அவமானம். இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்தில் ஒரே நாளில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பங்கு நூற்றைம்பது ரூபாயானது எல்லோருக்கும் ஞாபகமிருந்தது. அந்த நாளுக்குப் பிறகு பலர் பங்குப் பத்திரங்களைப் பீரோவின் அடித்தட்டில் விரித்து அதன்மேல் போர்வையை அடுக்கினார்கள். சிலர் அவற்றால் விசிறிக்கொண்டார்கள். இப்போது அந்த அவமானமே நாற்பத்தைந்து அடி உயரத்துக்கு ஊர் நடுவே நின்றது, அதில் ஏணி வைத்து ஏறி இறங்க வேண்டியிருந்தது.

அந்த வெட்டின் நிழலில் தினமும் உட்கார்ந்திருந்தவர் மயிலாத்தாளின் புருஷன் நஞ்சப்பன். பழக்கடைக்குப் பக்கத்திலேயே சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தார். தொண்ணூற்று நாலில், கிரைண்டர் வாங்கச் சேர்த்துவைத்த மூவாயிரத்து அறுநூறு ரூபாயைக் கொண்டுபோய் அறுபது பங்கு வாங்கிவந்தவர். மயிலாத்தாள் இரண்டு வருஷம் ஆட்டுக்கல்லில் மாவாட்டினாள், விலை ஏற ஏற அவளுக்குக் கோபம் இறங்கியது, விலை ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டபோது, "எங்கூட்டுக்காரருக்கு ரோசனை நெம்ப" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொன்ன மூன்றாம் நாள் நஞ்சப்பன் டீக்கடையில் பேப்பர் பார்த்துவிட்டு பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தார். மயிலாத்தாள் ஓடிவந்து சோடா கொடுத்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் எந்த முடிவும் அவர் எடுத்ததில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அவள், வீட்டுக்குச் சுண்ணாம்பின் நிறம் பார்த்தது அவள், அவர் சட்டையின் கட்டம் பெரிதா சிறிதா என்று பார்த்ததும் அவள். யாராவது அவரிடம் மணி கேட்டால்கூட, "மயிலுகிட்டக் கேட்டுச் சொல்றனுங்" என்பார்.

அவருக்கு அதில் வருத்தமா என்றால், இல்லை. முதல் ஆறு மாதம் இருந்தது. பிறகு, முடிவெடுக்க வேண்டாத மனிதனுக்கு எவ்வளவு நன்றாகத் தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொண்டார்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள், ஒரு வெள்ளை ஜீப்பில், பழவண்டிக்குக் கூலி கட்டாத நீண்ட சுற்றுவழியாக, ஏகாம்பரம் என்பவர் கீழ்வீதிக்கு வந்தார். சந்தனப் பொட்டு, மடித்த சட்டைக்கை, தோல் பை. சரியாக வெட்டின் அடியில், பழக்கடைக்கு எதிரே, மேஜை போட்டு உட்கார்ந்தார். பழைய பங்குப் பத்திரங்களை வாங்குகிறேன் என்றார்.

"கேட் கிட்ட போய்ப் பாருங்க, இன்னைக்கு விலை முந்நூத்திப் பத்து. நான் முந்நூத்தி அம்பது தரேன். ஒரு பங்குக்கு நாப்பது ரூபா கூட. ஏன் தரேன்?" என்று நிறுத்தி, தலையை மெல்லத் திருப்பி வெட்டை அண்ணாந்து பார்த்தார். கூட்டமும் பார்த்தது. "இவ்வளவு உயரத்துல இருந்து விழுந்த ஜனங்க நீங்க. பார்த்தா மனசு கேக்கல. இன்னொரு தடவை இது மாதிரி விழுந்தா தாங்குவீங்களா?"

கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திருமேனி பவ்யமாகக் கையைத் தூக்கி, "கூடக் குடுத்தா உங்களுக்கு நட்டமில்லீங்களா?" என்று கேட்டார்.

"நஷ்டம்தான் சார். நஷ்டத்துலதான் புண்ணியம் இருக்கு" என்றார் ஏகாம்பரம்.

முதல்நாளே பதினொரு பேர் பத்திரத்தைக் கொடுத்து, மாற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை வரிசை வெட்டிலிருந்து முதல் பள்ளம் வரை நின்றது. போர்வைகள் கலைந்தன, பீரோக்கள் குடைந்தெடுக்கப்பட்டன, பத்திரங்கள் அந்துருண்டை வாசனையோடு வெயிலுக்கு வந்தன. மயிலாத்தாளும் ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டாள்: அறுபது பங்கு, இருபத்தோராயிரம். காலையில் நஞ்சப்பனிடம் பத்திரங்களைக் கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னாள்.

"உங்க பேர்லதான் இருக்குது. கையெழுத்து நீங்கதான் போடோணும்."

"சரி."

"வேற எங்கயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க."

"சரி மயிலு."

அவர் ஏழாவது ஆளாக நின்றார். அதே நேரத்தில் அவளுடைய பூவன் தார்கள் உச்சிக்கு வந்து சேர்ந்தன. அன்றைக்குக் கயிறு பழசு, தார் ஒவ்வொன்றும் பத்துச் சீப்பு, கனத்த கனம். மேலே நின்ற சுமைக்காரர், "அக்கா, முழுத்தார் கட்டுனாக் கயிறு அந்துரும். அறுத்து எறக்கட்டுங்ளா?" என்று கத்தினார். அவளும் சரி என்றாள். மேலிருந்து சீப்புச் சீப்பாக இறங்கியது, அவள் வாங்கி வாங்கிக் கொக்கியில் மாட்டி, சிலேட்டில் 'பூவன் 40' என்று எழுதித் தொங்கவிட்டாள். ஒரே ஒரு தார் மட்டும், சின்னதென்று நினைத்து முழுசாகக் கட்டி இறக்கியது, பத்துச் சீப்போடு பத்திரமாக வந்து சேர்ந்து கடை வாசலில் கிடந்தது.

பொன்னுரங்கம் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். மச்சினிச்சி மகளுக்குக் காதுகுத்து, வாழைப்பழம் வேண்டும். சிலேட்டைப் பார்த்தான், ஐம்பது ரூபாய்த் தாளை அவள் கையில் திணித்தான், முழுத்தாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"போட்டிருக்கற வெலைக்கு மேல பத்து ரூவா கூட வெச்சிருக்கறனுங்க்கா. காதுகுத்துக் காசு, வெச்சுக்கோங்."

"அடேய், கீழ வைய்யி!" மயிலாத்தாள் போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பியது. "நாப்பது சீப்பு வெலைடா! நீ தூக்கியிருக்கறது தாரு! ஒரு தாருக்குள்ள பத்துச் சீப்பு இருக்குது. சீப்பு வெலையக் குடுத்துப்போட்டு, மேல பத்து ரூவா தர்மம் வேற பண்ணிப்போட்டு, தாரத் தூக்கிட்டுப் போறயா? மேல இருக்கறப்ப நானூறு, அறுத்துக் கீழ எறக்குனா நாப்பது. வாழ வெல விழுந்துருச்சுன்னா நெனச்சே? அறுத்திருக்குதுடா, அறுத்து!"

வரிசை சிரித்தது. பொன்னுரங்கமும் சிரித்துக்கொண்டே தாரை இறக்கி வைத்தான். ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சட்டென்று மேஜை மேலிருந்த படிவங்களை அடுக்கிப் பையில் போட ஆரம்பித்தார்.

அதைப் பார்த்தவள் மயிலாத்தாள். இருபத்திரண்டு வருஷம் பழம் விற்றவளுக்கு, எந்த ஆள் பேரம் பேசுகிறவன், எந்த ஆள் அழுகலைத் தள்ளிவிடுகிறவன் என்று கை அசைவிலேயே தெரியும். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள், சிலேட்டைப் பார்த்தாள், தாரைப் பார்த்தாள், பிறகு மெல்ல அண்ணாந்து வெட்டைப் பார்த்தாள். மேலே ஒடுங்கிய வீதி, மூன்றடி. கீழே அகன்ற வீதி, முப்பது அடி. மேலே ஐம்பது அடி உயரம், கீழே ஐந்தடி.

"திருமேனித் தம்பி" என்றாள், குரல் தணிந்துபோயிருந்தது. "ஆறாம் வருசத்துப் பொஸ்தகத்துல, ஷேரை அறுத்தாங்கன்னு எங்கயாச்சும் போட்டிருக்குதா பாருங்."

திருமேனி ஓடினார், இந்த முறையும் செருப்பில்லாமல். அவர் வரும்வரை யாரும் நகரவில்லை. மேஜைக்கு முன்னால் முதலாவதாக நின்றவர் நீட்டிய பத்திரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏகாம்பரம் ஜீப்பைப் பார்த்தார். ஜீப்புக்கு முன்னால் பொன்னுரங்கம் ஆட்டோவைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துவிட்டதாகச் சொன்னான். ஆட்டோ எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

திருமேனி மூச்சிரைக்க வந்து, நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் உரக்கச் சொன்னார்: "பத்து ரூவா மொகமதிப்புப் பங்கு ஒண்ணு, ஒரு ரூவா மொகமதிப்புப் பங்கு பத்தா பிரிக்கப்படுதுங். பழைய பத்திரத்த அனுப்பிப் புதுசு வாங்கிக்கோணும்ங். எல்லா பங்குதாரருக்கும் கடுதாசி அனுப்பியாச்சுங்."

"அப்ப எங்கிட்ட இருக்கற ஒண்ணு..." என்றார் வரிசையில் நின்ற டெய்லர்.

"பத்துங். முந்நூத்திப் பத்துன்னா மூவாயிரத்து நூறுங். இவரு அதுக்கு முந்நூத்தி அம்பது குடுக்கறாருங்."

"அப்ப, அன்னைக்கு வெல விழுகலையா?" என்றார் டெய்லர்.

"அறுத்திருக்குதுங்" என்றார் திருமேனி.

அந்த வார்த்தை வரிசையில் வாய்விட்டு வாய் போயிற்று. அறுத்திருக்குது, அறுத்திருக்குது என்று ஏழாவது ஆளிடமிருந்து இருபதாவது ஆளுக்கும், அங்கிருந்து முதல் பள்ளத்துக்கும், பள்ளத்திலிருந்து திமிலுக்கும், ஏணி வழியாக மேல்வீதிக்கும், ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குச் சாம்பார் போன அதே வழியில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைசியாகக் காது கேளாத வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவருக்கு அதைச் சைகையில் சொல்லி, அவரும் புரிந்துகொண்டு தலையாட்டிய நொடியில், மேல்வீதி ஒரு பெருமூச்சு விட்டதுபோல இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க அகன்றது. கைக்கெட்டிய ஜன்னல்கள் விலகின, நீட்டிய கரண்டி ஒன்று நடுவீதியில் விழுந்தது, உச்சியில் நின்ற சுமைக்காரர் மிச்சமிருந்த தார்களோடு நின்றவாக்கிலேயே கீழே வந்து பழக்கடை வாசலில் இறங்கிக்கொண்டார். ஐம்பது அடி ஐந்தடியானது, இரண்டடி இரண்டு விரல்கடையானது. வெட்டு இருந்த இடத்தில் வெட்டில்லை. ஏணி மட்டும் எதிலும் சாயாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு படுத்தது.

அப்போதுதான் ஊர் முழு வீதியையும் ஒரே பார்வையில் பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் தரையோடு தரையாகத் தொடங்கி, நடுவில் நடுவில் தடுமாறி, பள்ளத்தில் இறங்கி எழுந்து, கேட் வரைக்கும் வீதி ஏறிக்கொண்டேதான் இருந்தது. பதினெட்டு வருஷமாக விழுந்துவிட்டோம் என்று தலைகுனிந்து நடந்த ஜனம் ஏற்றத்தில்தான் நடந்திருக்கிறது. வாடகையை ஏற்றியவர்களைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏகாம்பரத்தை யாரும் அடிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள், பழம் கொடுத்தார்கள், மறுபடி டீ கொடுத்தார்கள். பதினொரு பேரும் வாங்கிய பணத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நாலாவது டீயில் அவர் பையைத் திறந்து பதினொரு பேருடைய பத்திரங்களையும் படிவங்களையும் எடுத்துவைத்தார். பொன்னுரங்கத்துக்குப் பெட்ரோல் இருப்பது ஞாபகம் வந்தது. ஜீப் போகும்போது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இறக்கம் என்பதால், எஞ்சினை அணைத்துவிட்டே போயிற்று.

மயிலாத்தாள் கடையை மதியமே மூடினாள். வீட்டுக்கு வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நஞ்சப்பன் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று அவள் சொல்வதற்காக நின்றார்.

"வெள்ளையா, கெட்டியா ஒரு கடுதாசி வந்துச்சுங்" என்றாள் அவள். "அந்த வருசம். இங்கிலீசுல இருந்துச்சு. ரெண்டு சீப்புப் பூவன் அதுல கட்டிக் குடுத்துப்போட்டேன்."

அவர் பத்திரங்களின் மடிந்த ஓரத்தை விரலால் நீவினார்.

"பதினெட்டு வருசம்" என்றாள். யாரோ பிடித்துத் தள்ளியதுபோல அவள் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "சாயங்காலத்துக்கு என்னங் பண்ணட்டும்?"

நஞ்சப்பனுக்கு வியர்த்தது. அந்த வீட்டில் பதினெட்டு வருஷத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. "நீ... நீ பண்றதப் பண்ணு" என்றார்.

"இல்லீங். நீங்க சொல்லுங். உங்க ரோசனைதான் சரியா இருந்திருக்குது. இனி எல்லாம் நீங்களே சொல்லுங்."

அன்று முதல் அவருக்குத் தூக்கம் போயிற்று. காலையில் சட்டை எது என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, மகள் போன் செய்து சீட்டு எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டாள், பஞ்சர் கடையில் சைக்கிளே இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்து, விலை இனி எப்படிப் போகும் என்று கேட்டார்கள். தொண்ணூற்று நாலிலேயே கண்டுபிடித்த மனிதர் என்று திருமேனி அவரைப் பற்றி நூலக அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தார். ஒன்பதாவது நாள், கன்னம் ஒட்டிப்போய், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த நஞ்சப்பன் சோற்றைப் பிசையாமல் சொன்னார்:

"மயிலு. அன்னைக்கு வெயிலு."

"என்னைக்கு?"

"ஷேரு வாங்குன அன்னைக்கு. கிரைண்டர் கடைக்குத்தான் போனேன். நெம்ப வெயிலு. பள்ளிக்கோடத்துல பந்தல் போட்டிருந்தாங்க. நெழலா இருந்துச்சு, மோர் வேற குடுத்தாங்க. மோரக் குடிச்சுப்போட்டுச் சும்மா எந்திரிச்சு வர ஒரு மாதிரி இருந்துச்சு. அதுதான் வாங்கிட்டு வந்தேன். எனக்கு ரோசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மயிலாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் அவள் தோள் குலுங்குவதைத்தான் பார்த்தார், அழுகிறாள் என்று நினைத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயில் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தாள்.

"மோருக்கா! ஒரு டம்ளர் மோருக்கா!"

"ரெண்டு டம்ளர் குடிச்சேன்."

அதைக் கேட்டு அவள் இன்னும் சிரித்தாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. சோறு ஆறிப்போயிற்று.

மறுநாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் கம்பெனி கேட் வரைக்கும் நடந்தார்கள். கல்யாணமான புதிதில் நடந்ததற்குப் பிறகு இப்போதுதான் சேர்ந்து நடக்கிறார்கள், அதனால் யார் முன்னால் போவது என்று தெரியாமல் இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டார்கள். வீதி முடிகிற இடத்தில், அன்றைக்கு முளைத்த சாண் இன்னும் ஈரம் காயாமல் கறுப்பாக மினுங்கியது. அதற்கப்பால் புல்லும் கல்லும் வெறும் காற்றும்.

"வித்தரலாமுங்ளா, வெச்சிருக்கலாமுங்ளா?" என்றாள் அவள். "மேல போகுமா, கீழ போகுமா?"

"எனக்குத் தெரியாது மயிலு."

அவள் வீதியின் விளிம்பில் குனிந்து, அப்பால் இருந்த காற்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "எனக்குந் தெரியலைங்" என்றாள். அதைச் சொன்ன பிறகு அவள் முகம் இளகியது மாதிரி ஆனது.

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தார், செருப்பைக் கழற்றி மாட்டினார். "ஒண்ணு பண்ணலாமா? அறுநூறு இருக்குது. முந்நூறு வித்தரலாம், முந்நூறு இருக்கட்டும். விக்கறது உன்னோட ரோசனை, வெச்சிருக்கறது என்னோட ரோசனை. ஏறுனா நாஞ் சொன்னது சரி, எறங்குனா நீ சொன்னது சரி."

மயிலாத்தாள் அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பழத்தை அமுக்கிப் பார்ப்பதுபோல. எங்கேயும் அழுகல் இல்லை.

"அதையே பண்ணலாமுங்" என்றாள்.

பத்திரங்களை அனுப்பிப் புதிதாக வாங்கி, முந்நூறை விற்க இரண்டு மாதம் பிடித்தது. விற்ற மறுநாள் வீதியின் முனை ஒரு விரல்கடை ஏறியது. நஞ்சப்பன் நாள் முழுக்க விசிலடித்துக்கொண்டே பஞ்சர் ஒட்டினார். அதற்கு மறுநாள் ஒன்றரை விரல்கடை இறங்கியது. மயிலாத்தாள் வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு பழம் சேர்த்துக் கொடுத்தாள். ஒருவர் மற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சனி ஞாயிறு தவிர்த்து, அந்த வீட்டில் தினமும் யாராவது ஒருவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள்.